வரிவில்லும் நரம்புக் கட்டும்

மிதிலையில் இராமன் வில்லை முறித்த கதையை அறியாத தமிழர் இலர். கம்பர் அந்நிகழ்ச்சியைப் பாடிய திறத்தை வகுப்பறைகளும் இலக்கிய மன்றங்களும் ஓயாது பேசி மகிழ்ந்துள்ளன. ஆனால், வில் முறிவது எந்த இடத்தில், ஏன் முறிகிறது என்னும் வினா அங்கே எழுவது அரிது. கையால் மரத்தைச் செதுக்கி வில் செய்து பார்த்தவர் இதற்கு உடனே விடை கூறுவர். மரவில் பெரும்பாலும் முதுகில்தான் முறிகிறது. எய்பவனுக்கு அப்புறமாக, இலக்கை நோக்கி நிற்கும் பக்கத்தில், மெல்லிய நார் ஒன்று பிளந்து எழும். அடுத்த நொடியில் வில் இரண்டாகிவிடும்.

அந்த முதுகின்மேல் விலங்கின் தசைநாணைப் பசையிட்டுப் போர்த்தி, எளிய மரவில்லை முறியாத வில்லாக மாற்றும் கலை பண்டு உலகின் பல பகுதிகளில் வழங்கியது. இன்றும் கைவினையாளர் சிலர் அதனைப் போற்றி வருகின்றனர். அக்கலையின் இயல்பை அறிந்தால், வரிவில், நாண், நரம்பு, சார்ங்கம் எனத் தமிழ் நூல்களில் பயிலும் சொற்கள் புதுத் தெளிவு பெறும். அவற்றைக்கொண்டு செய்யப்படும் அவசர முடிவுகள் சிலவும் தவிர்க்கப்படும்.

செமிலிங் தரும் தூண்டுதல்

கெடா மாநிலத்தில் மெர்போக்கை அடுத்து, ஜெராய் மலையின் தெற்கே அமைந்த சிற்றூர் செமிலிங். பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லிடங்கள் இவ்வட்டாரத்தில் பரவிக் கிடக்கின்றன. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்தில் காழகத்தைக் குறிக்கிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை எழுதினார். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவன் தந்தையின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வில்லிகள் என்னும் படைப்பிரிவினர் குறிக்கப்படுகின்றனர்.

செமிலிங்கை அடுத்த சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பழங்கால இரும்புருக்கு உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தனர். கசடும் ஊதுகுழலும் கல்லும் செங்கல்லும் அங்கே நிலைத்துவிட்டன. ஆனால் அவ்வழியே வந்துபோன வீரரும் வேட்டுவரும் ஏந்திய வில்கள் எங்கே? மரமும் நாரும் நரம்பும் தோலும் இம்மண்ணின் ஈரத்தில் நெடுநாள் நிற்பதில்லை. கறையானுக்கும் பூசணத்துக்கும் இரையாகிவிடுகின்றன. தமிழகத்து மண்ணிலும் நிலை ஏறத்தாழ இதுவே. எனவே, பழைய வில்லைப்பற்றி அறிய எஞ்சியவை சிற்பங்களும், காசுகளும், சொற்களுமே. அவற்றுள்ளும் வில்லின் உறுப்பையும் செய்முறையையும் காத்து வைத்திருப்பது சொல்தான். அச்சொல்லின் பொருளை ஆசிரியர் தவறவிட்டால், மீட்டுத் தருவதற்கு மண்ணில் வேறொன்றும் இல்லை.

முதுகும் வயிறும்

வில் வளையும்போது அதன் இருபுறங்களும் ஒரே துன்பத்தை அடைவதில்லை. இலக்கை நோக்கிய புறம் முதுகு எனப்படும்; எய்பவன் முகத்தை நோக்கிய புறம் வயிறு எனப்படும். நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் நீட்சியும் நெருக்கமும் இல்லாத ஒரு தளம் உண்டு. பச்சைக் கிளை ஒன்றை முழங்காலில் வைத்து வளைத்தால் இவ்வுண்மை விளங்கும். வெளிப்புறத்துப் பட்டை வெடித்து நார்கள் பிரியும். உட்புறத்தில் சுருக்கம் விழும்.

மரத்தின் நார் நீள்வதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான மரங்கள் தம் நீளத்தில் 100இல் ஏறத்தாழ ஒரு பங்கு நீண்டாலே அறுந்துபோகும் நிலையை நெருங்கிவிடும். மேலும், மரத்தின் விறைப்பு அகலத்தைவிடத் தடிப்பையே பெரிதும் சார்ந்தது. அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பு இருமடங்காகும். தடிப்பை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும். ஆகவே, வலிய வில் வேண்டுமென்று தடித்த மரத்தைக் கொண்டால், சிறிது வளைத்தாலும் அதன் முதுகு அளவுக்கு மீறி நீட்டப்பட்டு முறியும்.

இத்தொல்லைக்குப் பண்டையோர் கண்ட முதல் தீர்வு மிக எளியது: வில்லை நீளமாகச் செய்தல். நீண்ட வில்லில் வளைவு பரவிச் செல்வதால் எந்த ஓரிடமும் மிகுதியாக வருந்துவதில்லை. 1991ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் அருகில் கிடந்த முடிவுறாத வில் 1.82 மீட்டர் நீளமுடையது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் எழுதிய குறிப்புகளைக் கொண்டு அர்ரியன் இயற்றிய நூலில், இந்திய வீரரின் வில் ஆளுயரம் இருந்ததென்றும், அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து வளைத்தனர் என்றும் கூறப்படுகிறது.

ஆளுயர வில்லைக் குதிரைமேல் இருந்து ஆளுதல் கடினம். புதரடர்ந்த காட்டில் ஒளிந்து செல்பவனுக்கும் அது இடையூறாகும். வில் குறுகவும் வேண்டும், நாணை நெடுந்தொலைவு இழுக்கவும் வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டபோதுதான் நரம்புக் கட்டு இன்றியமையாததாயிற்று.

நரம்பு செய்யும் உதவி

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றைத் தசைநாண் என்று இக்கால மருத்துவத் தமிழ் அழைக்கிறது. மிகப் பொருத்தமான பெயர். வில்லின் தண்டை நாண் இழுப்பதுபோல, எலும்பைத் தசை இந்நாணால்தான் இழுக்கிறது. பழந்தமிழில் இதுவும் நரம்பு என்னும் பொதுப்பெயரில் அடங்கியது. யாழின் தந்திக்கும் நரம்பென்றே பெயர்.

இத்தசைநாண் 100க்கு எட்டு அல்லது பத்துப் பங்கு வரையில் நீண்ட பின்னரே அறுபடும். மரத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய வேறுபாடு. தோட்டத்துச் சிறுவர் கவட்டைக் கொம்பில் கட்டிக் கல்லெறியும் 'லாஸ்டிக்'கின் இரப்பர் தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீளும். ஆனால் விறைப்புக் குறைந்தது. மரம் மிக விறைப்பானது, ஆனால் நீளாது. தசைநாண் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதனை வில்லின் முதுகில் ஒட்டினால், மிகுதியாக நீட்டப்படும் பகுதி இனி மரமன்று, நரம்பே ஆகும். அடியிலுள்ள மரநார் பிளந்தெழ முற்பட்டாலும் மேலுள்ள போர்வை அதனை அடக்கிக்கொள்ளும்.

இரண்டாவது உதவியும் உண்டு. ஈரமாக ஒட்டப்பட்ட நரம்பு உலரும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது வில்லின் இரு முனைகளையும் முன்புறமாக இழுத்து, நாணேற்றாத நிலையில் வில்லைச் சிறிது எதிர்வளைவு கொள்ளச் செய்கிறது. அவ்வாறு எதிர்வளைந்த வில்லில் நாணேற்றும்போதே ஆற்றல் சேமிக்கப்பட்டுவிடும். பின்னர்ச் சிறிது இழுத்தாலும் அம்பு விரைந்து செல்லும்.

ஆயினும், நரம்பு எந்த வில்லையும் சிறந்த வில்லாக்கிவிடும் என்று கருதுதல் தவறு. அது மரத்தைவிடக் கனமானது. ஆளுயர வில்லின் முதுகு முழுவதும் அதைப் பூசினால், வில்லின் கைகள் கனத்து, அம்பின் விரைவு கூடாமலே போகலாம். குறுவில்லுக்குத்தான் அதனால் முழுப்பயன். மேலும், முதுகு வலிமை பெற்றபின் சுமை வயிற்றின்மேல் சாய்கிறது. வயிற்றுப்புற மரம் நெருக்கத்தைத் தாங்காததாயின் அங்கே சுருக்கங்கள் விழுந்து வில் தளர்ந்துவிடும். இக்குறையைத் தீர்க்கவே மேற்கு ஆசியாவிலும் நடு ஆசியாவிலும் வயிற்றுப்புறத்தில் விலங்கின் கொம்பைச் சீவி ஒட்டினர். முதுகில் நரம்பு, நடுவில் மரம், வயிற்றில் கொம்பு என மூன்றும் கூடியதே கூட்டுவில். எகிப்தில் 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் கூட்டுவில்கள் கிடைத்தன. திருமாலின் வில்லுக்கு வழங்கும் சார்ங்கம் என்னும் பெயர், கொம்பைக் குறிக்கும் சிருங்கம் என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. ஆண்டாளின் திருப்பாவையில் அப்பெயரைப் படிக்கும் மாணவருக்கு, அது கொம்பால் ஆன வில் என்று கூறும் வாய்ப்பு ஆசிரியர்க்கு உண்டு.

செய்யும் முறை

வட அமெரிக்காவின் கலிபோர்னியாவில், யாகி என்னும் குடியில் எஞ்சிய ஒரே மனிதராகிய இசி என்பவர் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரோவில் என்னும் ஊரருகே தோன்றினார். 1916இல் மறையும்வரை சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த பல்கலைக்கழகக் காட்சியகத்தில் வாழ்ந்தார். அவரிடம் வில்தொழில் கற்ற சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் 1923இல் வெளியிட்ட நூலில் அவர் செய்முறையை விளக்கமாக எழுதினார். இசியின் வில் மலைச் சூனிப்பர் மரத்தால் ஆனது. 42 அங்குல நீளமே உடையது. முதுகில் மானின் தசைநாண் ஒட்டப்பட்டது. அந்நாணை அவர் வாயிலிட்டு மென்று மென்மையாக்கி நார்நாராகப் பிரித்தார். சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிப் பசை செய்தார். நூல் எதுவும் பயிலாத ஒருவரின் கையில் இருந்த இந்நுணுக்கம் கற்றோரை வியக்க வைத்தது.

இன்று இக்கலையைப் பயில்வோர் மாட்டின் காலிலுள்ள தசைநாணையோ, முதுகெலும்பை ஒட்டியோடும் நீண்ட நாணையோ கொள்வர். இறைச்சியும் கொழுப்பும் நீக்கி நிழலில் உலர்த்தினால் அது கொம்புபோல் இறுகி மஞ்சள் நிறம் அடையும். பின்பு வழவழப்பான கல்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுவர். கூரிய விளிம்புள்ள இரும்புச் சுத்தி நாரை அறுத்துவிடும். தட்டத் தட்ட வெண்ணிற நார்கள் பிரியும். அவற்றை நூலளவாகக் கிழித்து, சீப்பால் வாரி, நீளத்துக்கேற்பச் சிறு கற்றைகளாகப் பிரித்து வைப்பர்.

பசையாகத் தச்சர் பயன்படுத்தும் வச்சிரமே சிறந்தது. அது விலங்கின் தோலையும் நரம்பையும் காய்ச்சி எடுப்பது. தோல், நரம்பு, வச்சிரம் மூன்றும் கொல்லாஜென் என்னும் ஒரே புரதத்தின் வேறு வேறு நிலைகளே. ஒரே இனப்பொருளாதலின் நரம்பும் பசையும் பிரியாது ஒன்றிவிடுகின்றன. வச்சிரத்தைத் தீயில் நேராக வைத்துக் கொதிக்கவிடலாகாது. கொதித்தால் வலிமை குன்றும். வெந்நீர்ப் பாத்திரத்துள் மற்றொரு பாத்திரத்தை வைத்து ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் உருக்குவர்.

நரம்பு ஒட்டுவதற்கு முன்பே வில்லின் வளைவு இரு கைகளிலும் ஒத்திருக்கும்படி செதுக்கி முடித்தல் வேண்டும். கோணிய வில்லை நரம்பு நேராக்காது. மரம் நன்கு உலர்ந்திருத்தலும் வேண்டும். முதுகைச் சுரண்டி, எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, நீர்த்த வச்சிரத்தை இரண்டு மூன்று முறை பூசி உலரவிடுவர். அதன்பின் நரம்புக் கற்றையை நீரில் நனைத்து, இளஞ்சூடான பசையில் தோய்த்து, மிகுந்த பசையை விரலால் வழித்துவிட்டு, வில்லின் நடுவிலிருந்து முனைநோக்கி நீளவாட்டில் படியவைப்பர். கொத்தனார் செங்கல் அடுக்கும்போது ஒரு வரிசையின் இணைப்பு மற்றொரு வரிசையின் இணைப்போடு நேர்படாமல் பார்த்துக்கொள்வதைப்போல, ஒரு கற்றையின் முனை அடுத்த கற்றையின் நடுவுக்கு அருகில் வருமாறு அமைத்தல் வேண்டும். முனைகள் ஓரிடத்தில் கூடினால், அவ்விடமே வில் முறியும் இடமாகும்.

முதல் அடுக்கு நன்கு இறுகிய பின்னரே இரண்டாம் அடுக்கு இடுவர். முனைகளிலும் பிடியிலும் நரம்பைக் குறுக்கே சுற்றி இறுக்குவர். பிறகு காத்திருத்தலே தொழில். மேற்புறம் சில நாளில் உலர்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே ஈரம் இருக்கும். பல வாரங்களோ மாதங்களோ உலரவிட்டு, அதன்பின் சிறிது சிறிதாக வளைத்துப் பார்த்து, விறைத்த இடங்களில் வயிற்றுப்புறத்தை மட்டும் சீவிப் பக்குவப்படுத்துவர். நரம்பு போர்த்திய முதுகில் கத்தி படலாகாது. துருக்கியரின் கூட்டுவில்கள் முழுமையாக உலர்ந்து முற்றுப்பெற ஓராண்டும் அதற்கு மேலும் ஆயின என்பர்.

ஈரம் என்னும் பகை

இவ்வளவு அரிய கலை தமிழகத்திலும் கடாரத்திலும் ஏன் பெருவழக்காகத் தெரியவில்லை? இதற்குரிய விடையைப் பறையடிப்பவரிடம் கேட்கலாம். கோயில் திருவிழாவில் அடிக்கத் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டுவது வழக்கம். ஈரக்காற்றில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகி ஒலி தெளிகிறது. மழைபெய்தால் மீண்டும் தளர்கிறது. பறையின் தோலுக்கு நேர்வதே வில்லின் நரம்புக்கும் நேரும். ஈரத்தை உறிஞ்சிய நரம்பு இறுக்கம் இழக்கும், வச்சிரம் இளகும், நீடித்தால் போர்வை மரத்தை விட்டுக் கழன்றுவிடும்.

ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 100க்கு 80 அளவை ஒட்டியே நிற்கும் கெடாவில், நரம்பு ஒட்டிய வில்லைக் காப்பது எளிதன்று. கோடை மழை மிகுந்த கொரியாவில் எருமைக் கொம்பும் மூங்கிலும் நரம்பும் சேர்த்துச் செய்யும் காக்குங் என்னும் வில்லை, வெப்பமூட்டிய பெட்டிக்குள் வைத்துக் காப்பர். பறையை அனலில் காட்டுவதற்கும் இதற்கும் கருத்து ஒன்றே. வடபுலத்து ஆசிய மக்கள் பூர்ச்சமரப் பட்டையாலும், பிறர் தோலாலும் மெருகெண்ணெயாலும் வில்லின் மேல் உறையிட்டனர். இந்தியாவில் பிற்காலத்தில் எஃகு வில்லே செய்யப்பட்டது. அது ஆற்றலில் கூட்டுவில்லுக்குக் குறைந்ததாயினும் பூச்சியும் ஈரமும் அதன் கட்டைக் குலைப்பதில்லை. ஈரநாடாகிய இங்கிலாந்தோ கூட்டுவில்லை நாடவேயில்லை. 1545இல் மூழ்கி 1982இல் உயர்த்தப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் யூ என்னும் ஒரே மரத்தால் ஆனவை. அம்மரத்தின் வெளிப்புற வெண்பகுதி நீட்சியைத் தாங்கும். உட்புற வைரப்பகுதி நெருக்கத்தைத் தாங்கும். இயற்கையே அதனைக் கூட்டுவில்லாக வளர்த்துவிட்டது எனலாம்.

பசையின்றிக் கட்டும் வழி

வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் மற்றொரு வழியைக் கண்டனர். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடலில் மிதந்து வந்த கட்டை. அது எளிதில் முறியும். அவர்கள் நரம்பைத் திரித்துப் பின்னிய கயிறுகளை வில்லின் முதுகில் முனைமுதல் முனைவரை பலமுறை ஓட்டி, இடையிடையே குறுக்குக் கயிற்றால் மரத்தோடு வரிந்து கட்டினர். பசையை நம்பாத கட்டு இது. தளர்ந்தால் மீண்டும் முறுக்கி இறுக்கலாம்.

இங்கே வரிவில் என்னும் தமிழ்ச்சொல் நினைவுக்கு வருதல் இயல்பு. சங்க நூல்களிலும் காப்பியங்களிலும் வரிவில், வரிசிலை என்னும் தொடர்கள் பயில்கின்றன. உரையாசிரியர் பல இடங்களில் இவற்றுக்குக் கட்டமைந்த வில் என்று பொருள் கூறினர். வரிதல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். கூரையில் கழிகளோடு வைத்துக் கட்டும் குறுக்குச் சட்டத்துக்கு வரிச்சு என்று பெயர். வரிந்து கட்டிக்கொண்டு வேலை செய்தான் என்பது இன்றைய பேச்சு. வரி என்பதற்குக் கோடு என்னும் பொருளும் உண்டு. அதைக்கொண்டு கோடுகள் எழுதப்பட்ட வில் என்றும் கூறலாம். கயிற்றாலோ தோல்வாராலோ இடைவெளிவிட்டு வரிந்த வில், தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு வரிகளுடைய வில்லாகவே தோன்றும். இரு பொருளும் ஒரு வில்லிலேயே பொருந்தக்கூடும்.

ஆயினும், இதனைக்கொண்டு சங்கத் தமிழர் தசைநாண் போர்த்திய வில்லை ஏந்தினர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. வரிந்து கட்டிய பொருள் நாரோ, தோலோ, நரம்போ என்பதை அச்சொல் சொல்லவில்லை. முதுகு பிளவாதபடி மரவில்லை இடையிடையே நாரால் இறுகச் சுற்றுவதும் வில்லைத் திருத்தும் ஒரு முறையே. ஈரநாட்டுக்கு அது ஏற்றதும் ஆகும். வெறும் கழியை வளைத்த வில்லையும், கைவினைஞன் திருத்திக் கட்டிய வில்லையும் தமிழர் வேறுபடுத்தி அறிந்தனர் என்பது வரை அச்சொல் உறுதி கூறுகிறது. அதற்கு அப்பால் செல்வது சொல்லின்மேல் சுமையேற்றுவதாகும்.

பனை, மூங்கில், மரல்

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905இல் மைசூர் நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்து சாமசாத்திரி 1909இல் பதிப்பித்த கௌடலியரின் பொருள்நூல், வில்லின் வகைகளைத் தெளிவாக வகுக்கிறது. பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகைப் பொருளால் வில் செய்யப்படும் என்பது அதன் கருத்து. நாணுக்குரியனவாக மூர்வை, எருக்கு, சணல், மூங்கில் ஆகியவற்றோடு நரம்பையும் அந்நூல் கூறுகிறது. நரம்பு அங்கே நாணாக எண்ணப்படுகிறதேயன்றி வில்லின் முதுகுக்குரிய போர்வையாக எண்ணப்படவில்லை.

மூர்வை என்பது மரல் என்று அறிஞர் பலர் கருதுவர். வீட்டு முற்றங்களில் தொட்டியில் வளர்க்கப்படும் வரியோடிய கத்திபோன்ற இலைச்செடியின் இனத்தைச் சேர்ந்தது அது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் கோவலன் குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்கிறான். வில்லின் நாணே யாழின் நரம்பாயிற்று என்னும் கருத்துக்கு அக்காட்சி துணைநிற்கிறது. கௌடலியர் முதலில் கூறிய பனைவில்லோ இன்றும் மறையவில்லை. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் வில்லுப்பாட்டுக் கலைஞர் முன்னே கிடத்தும் பெரிய வில் வைரம் பாய்ந்த பனையால் செய்யப்படுவதுண்டு. தோல்வாரை முறுக்கிய நாணும் அதற்குப் பூட்டுவர்.

மூங்கிலின் சிறப்பு இவை எல்லாவற்றையும்விட வியப்புக்குரியது. மூங்கிலின் சுவரில் நார்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. புறத்தோலை ஒட்டிய பகுதியில் நெருங்கியும், உட்புறத்தில் அருகியும் அமைந்துள்ளன. தோற்புறத்தை முதுகாக வைத்து வளைத்தால், நார் செறிந்த பகுதி நீட்சியைத் தாங்குகிறது. மென்மையான உட்பகுதி நெருக்கத்தில் நசுங்கி இடங்கொடுக்கிறது. நரம்பை ஒட்டிப் பெறவேண்டிய பயனில் பெரும்பகுதியை மூங்கில் தன் உடம்பிலேயே பெற்றிருக்கிறது. அதற்கு வச்சிரமும் வேண்டா. மாதக்கணக்கில் உலர்த்தலும் வேண்டா. ஈரத்தால் போர்வை கழலும் என்னும் அச்சமும் இல்லை. மூங்கில் மலிந்த நாட்டவர் நரம்புக் கலையை நாடாதது அறியாமையால் அன்று. தேவையின்மையால் என்பதே பொருத்தம்.

கெடாவின் பழங்குடி வில்

கெடாவிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. பாலிங் வட்டாரத்தில் வாழும் கென்சியு மக்கள் செமாங் எனப்பட்ட பழங்குடியினரின் ஒரு பிரிவினர். ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906இல் வெளியிட்ட பெருநூலில் செமாங் மக்களின் சிறப்புக் கருவியாக வில்லும் நஞ்சு தோய்த்த அம்பும் கூறப்படுகின்றன. பின்னர் ஊதுகுழல் பரவ, வில் அருகிவிட்டது. அவர்கள் அம்பில் தோய்த்தது ஈப்போ மரத்தின் பால். பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போ அம்மரத்தால் பெயர்பெற்றது. நஞ்சு வினைசெய்யும்போது அம்பு ஆழமாகப் பாய வேண்டுவதில்லை. தோலைத் துளைத்தால் போதும். வில்லை வலிமையாக்குவதற்கு மாறாக அம்பைக் கொடியதாக்கினர். மற்றொரு நாட்டில் நரம்பு செய்த வேலையை இங்கே மரத்தின் பால் செய்தது.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சியில் ஆர்வமுடையோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உரியது. மலாய் மொழியில் வில்லம்பைக் குறிக்கும் பானா என்னும் சொல், பாணம் என்பதிலிருந்து வந்ததென்று கருதத் தோன்றும். ஆனால் பிலிப்பைன்சின் தகலோகில் பானா என்றும், பசிபிக் தீவுகளான சமோவா, தொங்காவில் ஃபானா என்றும் அச்சொல்லின் உறவுகள் வழங்குகின்றன. அது அம்மொழிக்குடும்பத்தின் சொந்தச் சொல். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. வரிவில்லுக்கும் நரம்புக் கட்டுக்கும் இடையே கூறப்பட்ட தடையும் இதுவே.

வகுப்பறைக்குரியது

இக்கலையைக் கையால் முயல விரும்புவோர் செமிலிங் போன்ற ஈரநிலத்தில் நரம்பு ஒட்டத் தொடங்கினால், காற்றுப்புகாத உறையும், உலர்ந்த வெப்பமான அறையும், மிகுந்த பொறுமையும் வேண்டும் என்பதை முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நலம். செமிலிங்கின் காற்றுக்கு இயைந்தது மூங்கில் முதுகே. குறுவில்லின் நுட்பத்தை அறிய வேண்டுமாயின், நரம்பைச் சிறிய மரத்துண்டு ஒன்றில் ஒட்டி உலரவிட்டு, அது மரத்தை எவ்வாறு எதிர்ப்புறம் வளைக்கிறது என்று பார்த்தலே பெரும் பாடமாகும்.

தமிழாசிரியர்க்கு அதனினும் எளிய வழி உண்டு. ஒரே மூங்கிலிலிருந்து ஒத்த தடிப்புள்ள இரு பிளாச்சுகளைச் சீவி, வரிசிலை என்னும் தொடர் வரும் நாளில் வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். ஒன்றைத் தோற்புறம் வெளியே இருக்குமாறும், மற்றொன்றைத் தோற்புறம் உள்ளே இருக்குமாறும், மாணவர் முகத்துக்கு எட்ட நிறுத்தி மெல்ல வளைத்துக் காட்டலாம். முதலாவது நெடுந்தூரம் வளையும்; இரண்டாவது விரைவில் வெளிப்புறத்தில் சிலும்பும். பின்னர், சிலும்பத் தொடங்கிய பிளாச்சின்மேல் ஈரச் சணல் நாரை இறுக வரிந்து கட்டி, அக்கட்டு பிளவை எவ்வாறு அடக்குகிறது என்றும் காட்டலாம். கட்டமைந்த வில் என்னும் உரைக்கு அதைவிட நல்ல விளக்கம் ஏட்டில் எழுதுவதற்கில்லை. வில்கள் மண்ணில் மக்கிப் போயின. அவற்றைத் திருத்திய கையின் அறிவு சொல்லில் இருக்கிறது. அது அடுத்த தலைமுறையின் கைக்குச் சேர்வது இத்தகைய ஒரு பாடவேளையினால்தான்.